பீர்க்கங்காய்த் தோல் தின்ற சுவர்க்கோழிகள்

எங்கள் பிளாக்கில் இருபத்து நான்கு வீடுகளும், மாதத்தில் பாதி நாள் ரிப்பேரில் கிடக்கும் ஒரு தண்ணீர் மோட்டாரும், கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து ஏகாம்பரம் விரலளவு குட்டியாக வாங்கிவந்து முழங்கை நீளத்துக்கு வளர்த்த ஓர் அரோவானா மீனும் இருந்தன. ஏகாம்பரம் செத்துப்போய் நான்கு வருஷம் ஆன பிறகும், தரைத்தளம் இரண்டாம் நம்பர் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் அந்த மீன் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்துகொண்டிருந்தது.

மாசி மாதத்தில் ஒரு நாள் அது சாப்பாட்டை நிறுத்தியது. உருண்டைத் தீவனத்தைப் போட்டால் வாயில் வாங்கித் துப்பியது, இறாலைப் போட்டால் திரும்பிக்கொண்டது, மூன்றாம் நாளிலிருந்து ஒரு மூலையில் நின்றபடி ஏகாம்பரத்தின் மனைவி தேசம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது. தேசம்மாவுக்கு அதன்மேல் பெரிய பிரியம் கிடையாது, புருஷன் தன்னோடு பேசியதைவிட மீனோடு பேசியதுதான் அதிகம் என்று எங்களிடமே பலமுறை சொல்லியிருக்கிறாள். ஆனாலும் பிள்ளை குட்டி இல்லாத அந்த வீட்டில் அவன் விட்டுப்போனவற்றில் மூச்சுவிடுவது அது ஒன்றுதான் என்பதால், புடவையை உதறிக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனாள்.

"உயிரோட துள்றது எதுனா போடுங்கம்மா," என்றார் கடைக்காரர். "சுவர்க்கோழி போடுங்க. மழைக்காலத்துல கதவு இடுக்குல கத்துமே, அதான். வீட்லயே வளக்கலாம், பெரிய வித்தை ஒண்ணும் இல்ல."

அவர் சொன்னது இவ்வளவுதான்: வழுவழுப்பான சுவர் உள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, மூடியில் ஓட்டை வெட்டிக் கொசுவலை ஒட்டணும், உள்ளே முட்டைக் கடை அட்டைகளைச் செங்குத்தாக அடுக்கணும், சூட்டுக்கு ஒரு நாற்பது வாட் பல்பு, தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் விழுந்து செத்துவிடும் என்பதால் நனைத்த பஞ்சு, பெட்டைகள் முட்டையிட ஈரமான தேங்காய் நார்த்தூள் ஒரு தட்டில், தின்னக் கோதுமைத் தவிடும் காய்கறித் தோலும். பத்துப் பன்னிரண்டு நாளில் ரவையளவு குஞ்சு வரும், ஏழெட்டுத் தடவை சட்டை உரிக்கும், ஆறு வாரத்தில் இறக்கை முளைக்கும், இறக்கை முளைத்த ஆண்கள் மட்டும் பாடும், இரண்டு வாரம் பாடிவிட்டுச் செத்துப்போகும்.

"கரப்பானுக்கு மருந்து அடிக்கிற ஊர்ல காசு குடுத்துப் பூச்சி வாங்கி வளக்குறாங்களாம்," என்று ஏழாம் நம்பர் வசந்தா மாடிப்படியில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். செயலாளர் நாகபூஷணம் சங்கத்தின் விதிப் புத்தகத்தோடு வந்து, வளர்க்கக் கூடாத பட்டியலில் நாய், ஆடு, கோழி மூன்றும் இருக்கின்றன, பூச்சி இல்லை என்று கண்டுபிடித்து, கோழி என்ற பெயர் இருப்பதால் சுவர்க்கோழியும் அதில் அடங்குமா என்று ஒரு வாரம் யோசித்து, கடைசியில் அடங்காது என்று விட்டுவிட்டார். தேசம்மா மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு வாளியை வைத்தாள். திட்டிக்கொண்டே எல்லா வீட்டுக் கேரட் தோலும் பூசணித் தோலும் அந்த வாளிக்கு வந்து சேர்ந்தன, குப்பை வண்டிக்குக் காத்திருப்பதைவிட அது சுலபம்.

சித்திரை முடியும்போது முதல் பெட்டியில் இறக்கை முளைத்தது. அன்று காலை பத்து மணிக்கு, குழாயில் தண்ணீர் வந்து எல்லோரும் குடத்தோடு கீழே நின்றபோது, பெட்டிக்குள்ளிருந்து ஒரு சுவர்க்கோழி தன் இறக்கையைத் தூக்கி உரசி, கிரீச்சென்ற அதே குரலில், ஆனால் சொல் சொல்லாக, "போய்ச் சேர மாட்டேங்குது பாரு கெழம்" என்றது. இன்னொன்றும் அதையே சொன்னது. வசந்தாவின் குடம் நிரம்பி வழிந்தது. ஆறு வாரத்துக்கு முன் கேரட் சீவும்போது மாமனாரைப் பற்றி அவள் முணுமுணுத்தது அது. அந்த ஆறு வாரத்துக்குள் அந்த மாமனார் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரியில் கிடந்து, அவளே ராப்பகலாகப் பார்த்து, கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தாள் என்பது பூச்சிகளுக்குத் தெரியாது. மாமனார் மெதுவாக நடந்துவந்து பெட்டியருகே காதை வைத்துக் கேட்டார். "நம்ம வூட்டு கேரட்டுதான்," என்றார். பிறகு டீ கேட்டார்.

இப்படித்தான் எங்களுக்குத் தெரியவந்தது: காய் நறுக்குகிறவர்கள் நறுக்கும்போது எதைச் சொல்கிறார்களோ அது தோலில் இறங்குகிறது, தோலைத் தின்று வளர்கிற குஞ்சு அதை வைத்துக்கொண்டு, இறக்கை வந்ததும் சொல்கிறது. ஏன் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. காய் நறுக்கும்போது மனிதர்கள் எவ்வளவு பேசுகிறார்கள் என்பதுதான் எங்களுக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. மூன்று பெட்டிகளில் வைகாசி முழுக்க எங்கள் பிளாக்கின் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது: யார் யாரைப் பிசாசு என்றது, எந்த மருமகள் எந்த நாத்தனாரின் நகையை எடை போட்டது, தண்ணீர் லாரிக்காரனின் ஏழு தலைமுறைக்கும் எங்களிடமிருந்து போன வசவு, எல்லாம். விருந்தாளிகள் வந்தால் ரேடியோ என்று சொல்லிச் சமாளித்தோம்.

வைகாசி பிறந்ததுமே நாகபூஷணம் அவசரக் கூட்டம் கூட்டி, காய் நறுக்கும்போது பேசக் கூடாது என்று மாடிப்படியில் நோட்டீஸ் ஒட்டினார். இரண்டு வாரம் பிளாக்கே வாயை மூடிக்கொண்டு சமைத்தது. பெண்டாட்டி கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துப் பல வீடுகளில் ஆண்கள் வெங்காயம் உரித்துக் கொடுத்தார்கள். பெனடிக்ட் சார் வீட்டில் மட்டும் ஜெபம் பேச்சில் சேராது என்று சொல்லி, உருளைக்கிழங்கு சீவும்போது சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பிற்பாடு அந்தச் சுவர்க்கோழிகளை மீனுக்குப் போடக் கூடாது என்று அவர் கேட்டபோது, மீனுக்கு மதம் இல்லை சார் என்று தேசம்மா போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் ஆட்கள் வேண்டுமென்றே பேசத் தொடங்கினார்கள். பத்தொன்பதாம் நம்பரில் இருபத்திரண்டு வருஷமாக உப்பு, காரம் தவிர வேறு பேச்சே இல்லாத மனிதர் ஒருநாள் கேரட்டும் கத்தியுமாகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார், தோலைத் தானே கொண்டுவந்து வாளியில் போட்டார். ஆறு வாரம் கழித்து அவர் மனைவி பெட்டியருகே ஸ்டூல் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே போனாள். மன்னிப்பு கேட்க வேண்டியவர்கள், கல்யாணப் பேச்சை எடுக்கத் தயங்கியவர்கள், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலைப் பற்றிப் புகார் உள்ளவர்கள் எல்லோரும் பூசணியிடம் சொன்னார்கள். ஆறு வாரம் தள்ளி வருவதால் சொன்னவருக்குச் சூடு ஆறியிருந்தது, கேட்டவருக்கும் அதற்குள் கொஞ்சம் வயசாகியிருந்தது. நேராகப் பேசுகிற வழக்கம் எங்களிடம் மெல்லக் குறைந்தது. தேசம்மா வீட்டு முன்னறை கோவில் போல ஆயிற்று, செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்கள். மீன் நன்றாகத் தின்று பளபளவென்று இருந்தது.

வாளிக்கு ஒரு தோல்கூட வராத வீடு எங்கள் பிளாக்கில் ஒன்றே ஒன்று. மூன்றாம் மாடி, இருபத்து மூன்றாம் நம்பர், ராஜகுமாரி. ஏகாம்பரத்தின் உடன்பிறந்த அக்கா.

ஒன்பது வருஷத்துக்கு முன் ராஜகுமாரியின் மகளுக்குக் கல்யாணம். ஒரே பிளாக்தானே, தம்பிதானே என்று அவள் பத்திரிகையை மகன் கையில் கொடுத்தனுப்பினாள். தாய்மாமனை வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து கூப்பிடவில்லை, மூன்று மாடி இறங்கி வர அவளுக்குக் கால் வலிக்கிறதா என்று ஏகாம்பரம் வீட்டிலேயே சட்டை போட்டு, மாமன் மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரும் வந்து கூப்பிடவில்லை. முகூர்த்தம் முடிந்தது. மாலையை அவன் மீன்தொட்டியின்மேல் போட்டான். அதன்பிறகு அவன் மேலே ஏறவில்லை, அவன் இருக்கிறவரை அவளும் இந்த வீட்டு வாசலில் நிற்கவில்லை, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள்.

அவன் செத்த அன்றும் அவள் இறங்கி வரவில்லை. மூன்றாம் மாடிக் கதவு திறந்திருந்ததை நாங்கள் பார்த்தோம். பாடை போகும்வரை பார்த்தோம். கூடப் பிறந்த பிறப்புக்கு என்ன கல் நெஞ்சு என்று எங்களில் எல்லோரும் சொன்னோம், சொல்லி நான்கு வருஷம் ஆகிறது. தேசம்மாவுக்கு மட்டும் அது வசவாக மாறவில்லை, கேள்வியாகவே நின்றுவிட்டது. ஏன் வரவில்லை என்பது மட்டும் தெரிந்தால் போதும், அப்புறம் தூங்கிவிடுவேன் என்று வசந்தாவிடம் ஒருமுறை சொன்னாள்.

ஆனி பிறந்த இரண்டாம் நாள் சிவப்பு வாளியில் பீர்க்கங்காய்த் தோல் கிடந்தது. பீர்க்கங்காய்த் தோலை எறிகிற வீடு எங்கள் பிளாக்கில் கிடையாது. கேரட்டை எறிவோம், பூசணியை எறிவோம், பீர்க்கங்காய்த் தோலை எறிந்தால் துவையலுக்கு என்ன செய்வது? தேசம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். நரம்பு தனியாக, தோல் தனியாக, விரல் நீளத்துக்கு ஒரே சீராகச் சீவியிருந்தது. ஏகாம்பரத்துக்கு உயிரான துவையல் அது. கல்யாணமான புதிதில் அதற்குத் தோல் சீவுவது எப்படி என்று தேசம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தவள் ராஜகுமாரி.

தேசம்மா அன்று பொரித்த ரவையளவு குஞ்சுகளை மட்டும் ஒரு நான்காம் பெட்டியில் தனியாக விட்டு, சமையலறைப் பரணுக்குக் கீழே வைத்து, பீர்க்கங்காய்த் தோலைத் தவிர வேறு எதையும் அதில் போடவில்லை. தோல் தினமும் வந்தது. மூன்று வாரம் வந்தது. நான்காம் வாரத் தொடக்கத்தில் ராஜகுமாரியின் மகன் ஓசூரிலிருந்து வேனோடு வந்து, அம்மா இனிமேல் என்னோடுதான் இருப்பாங்க என்று சொல்லிச் சாமான்களை இறக்கினான். பீரோ இறங்கியது, கட்டில் இறங்கியது, கடைசியில் ராஜகுமாரி இறங்கினாள். தேசம்மா வாசலில் நின்றிருந்தாள். சொல்லட்டும் என்று இவளும், கேட்கட்டும் என்று அவளும் ஒரு வேன் புறப்படுகிற நேரம் நின்றார்கள். அதன்பிறகு வாளியில் பீர்க்கங்காய்த் தோல் வரவில்லை, நான்காம் பெட்டிக்கு வெறும் தவிடுதான். தோல் யார் வீட்டுது என்பதில் சந்தேகம் ஏதாவது மிச்சம் இருந்தால் அதுவும் அன்றோடு போயிற்று.

அடுத்து வந்தது ஆடி முதல் வெள்ளி. தேசம்மா தவிடு வாங்கப் போயிருந்த நேரத்தில், இவ்வளவு நல்லது செய்கிற ஜீவன்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று வசந்தாவும் இன்னும் நாலு பேரும் முன்னறைக்குள் போனார்கள். மூன்று பெட்டிகளுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, மூடியைத் திறந்து சாம்பிராணி காட்டி, புகை நன்றாக உள்ளே நிற்கட்டும் என்று மூடியையும் மூடி, கற்பூரம் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தார்கள். தேசம்மா திரும்பிவந்தபோது மூன்று பெட்டியும் அமைதியாக இருந்தன. ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. பூச்சிகள் முட்டையிட்டிருந்த நார்த்தூள் தட்டுகளில் கரித்தூள் படிந்து, அந்த முட்டைகளும் பொரிக்கவில்லை.

"நல்லதுக்குத்தான் பண்ணோம் தேசம்மா," என்று வசந்தா அழுதாள்.

"நல்லதுக்குப் பண்ணாமயா," என்றாள் தேசம்மா.

மிச்சம் இருந்தது பரணுக்குக் கீழே இருந்த நான்காம் பெட்டி. அவை பாட இன்னும் பதினைந்து நாளாவது வேண்டும். செத்த பூச்சியை மீன் மோந்துகூடப் பார்க்கவில்லை. சந்தைக்காரரிடம் கேட்டால் ஆடிக் காற்றில் சரக்கு வரவில்லை என்றார். ஏழு நாளில் மீனின் முதுகு மெலிந்து, பழையபடி மூலையில் நின்றுகொண்டு அவளைப் பார்க்கத் தொடங்கியது. ஒரு பக்கம் புருஷன் விட்டுப்போன உயிர், இன்னொரு பக்கம் அவன் அக்கா விட்டுப்போன பேச்சு. மீனைப் பார்த்தால் பெட்டியைத் திறக்கத் தோன்றியது, பெட்டியைப் பார்த்தால் மூடத் தோன்றியது. தேசம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியின் முன் உட்கார்ந்தாள். ஐந்தாம் வாரத்தில் பெட்டைச் சுவர்க்கோழிக்குப் பின்பக்கம் முட்டையிடும் ஊசி முளைக்கத் தொடங்கும், ஆணுக்கு முளைக்காது. பெட்டை பாடுவதில்லை. ஊசி தெரிந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடித்து மீனுக்குப் போட்டாள், தெரியாததை விட்டுவைத்தாள்.

நாகபூஷணம் விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்தார். "பெட்டையெல்லாம் போட்டுட்டா முட்டை ஏது? வம்சமே நின்னு போயிடும்மா. சங்கத்துல கேக்காம எப்படிப் பண்ணலாம்? பிளாக்கே இத நம்பித்தான பேசினு கீது!"

"வாய் இருக்குதுல்ல சார் உங்களுக்கெல்லாம்," என்றாள் தேசம்மா, இன்னொன்றைப் பிடித்தபடி.

மீன் பிழைத்தது. ஆடி மூன்றாம் வெள்ளிக்கு மறுநாள் காலை, நாற்பது ஆண் சுவர்க்கோழிகளுக்கு இறக்கை முளைத்தது. செய்தி பரவி நாங்கள் எல்லோரும் சமையலறை வாசலில் நின்றோம், இனி இப்படி ஒன்றைக் கேட்க முடியாது என்று எங்களுக்குத் தெரியும். முதலில் ஒன்று இறக்கையைத் தூக்கியது.

"கதவுகிட்டயே நின்னேன்டா."

அது அதையே சொல்லிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு அட்டையிலிருந்து இன்னொன்று: "தலைய அவுத்துப் போட்டுக்கினு நின்னேன்டா." மூலையிலிருந்து ஒன்று: "யாருனா மேல வந்து சொல்லுவாங்கன்னு." பிறகு மற்றவையும் சேர்ந்துகொண்டன, நாற்பதும் மாறி மாறி, முந்திப் பிந்தி: தம்பி போயிட்டான்னு ஒரு வார்த்தை, யாருனா வந்து, மூணு மாடி, கூப்புடாம எப்டிடா வருவேன், சேதி சொல்லாத சாவுக்கு எந்த மொகத்த வச்சினு வருவேன், கதவத் தொறந்துதான்டா வச்சிருந்தேன், ஒருத்தரும் ஏறி வரலடா, ஒருத்தரும் ஏறி வரல.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஏகாம்பரம் செத்த அன்று இருபத்து இரண்டு வீட்டு ஆட்கள் இந்த வீட்டு வாசலில் நின்றிருந்தோம். ஆவடிக்குச் சொன்னோம், அரக்கோணத்துக்குச் சொன்னோம், துபாய்க்குக்கூடப் போன் போட்டுச் சொன்னோம். மேலே சொல்லியாச்சா என்று யாரோ கேட்டதும், ஒரே பிளாக்குதானே, அழுகைச் சத்தம் கேட்காதா என்று யாரோ சொன்னதும் எங்களுக்கு இப்போது ஞாபகம் வந்தது.

"நாந்தான் சொன்னேன்," என்றாள் தேசம்மா. "அழுகை கேக்காதான்னு நாந்தான் சொன்னேன்." அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் செத்த அன்று அழுததைவிட அன்று அதிகம் அழுதாள்.

அந்தச் சுவர்க்கோழிகளை அவள் மீனுக்குப் போடவில்லை. அவை இரண்டு வாரம் பாடின, ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பின்னால் சங்கம் வேறு இடத்திலிருந்து முட்டை வாங்கிப் பொரிக்கவைத்தது. அவை எந்தத் தோலைத் தின்றாலும் கிரீச் கிரீச்சென்று சுவர்க்கோழி போலத்தான் கத்தின. மீனுக்கு அது போதுமானதாக இருந்தது. பத்தொன்பதாம் நம்பர்க்காரர் இப்போது மனைவியிடம் நேராகவே பேசுகிறார், சண்டையும் நடக்கிறது.

நாற்பதில் கடைசிப் பூச்சியும் ஓய்ந்த மறுநாள், தேசம்மா குளிக்காமல், தலை வாராமல், காபிகூடக் குடிக்காமல், சாவு சொல்லப் போகிறவர்கள் போகிற மாதிரி முதல் பஸ் பிடித்து ஓசூருக்குப் போனாள். தனியாகச் சாவு சொல்லப் போகக் கூடாது என்று வசந்தா துணைக்குப் போனாள், அதனால்தான் மிச்சம் எங்களுக்குத் தெரியும்.

மகன் வீடு நான்காம் மாடி. லிஃப்ட் இருந்தது. தேசம்மா படியில் ஏறினாள், ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. மணியடிக்கவில்லை, கதவைக் கையால் தட்டினாள். ராஜகுமாரிதான் திறந்தாள். கையில் கத்தியும் பாதி சீவிய பீர்க்கங்காயும் இருந்தன. இரண்டு பேரையும் பார்த்தாள்.

தேசம்மா வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"அண்ணி," என்றாள். "உங்க தம்பி போயிட்டாரு."

ராஜகுமாரி பீர்க்கங்காயையும் கத்தியையும் குனிந்து தரையில் வைத்தாள்.

"எப்போ?" என்றாள்.

"இன்னிக்குக் காலைலதான் அண்ணி. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன். வாங்க."

ராஜகுமாரி கொண்டையை அவிழ்த்தாள். "ஐயோ ஏகா" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டு, திறந்த கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல், அவர்கள் இருவருக்கும் முன்னால் படியில் இறங்க ஆரம்பித்தாள்.